இன்னொரு முட்டிக்கும் நீங்கள்தான் பொறுப்பு

பெறுநர்:
செயலர், முன்னாள் படைவீரர் நலத் துறை, பாதுகாப்பு அமைச்சகம், புது டெல்லி
நிர்வாக இயக்குநர், ஈ.சி.எச்.எஸ். தலைமையகம், டெல்லி கண்டோன்மென்ட்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டென்டாகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். ஊர் வேலூர்ப் பக்கம். கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே கூப்பிடுகிற மாவட்டம் இது. கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தாலும் ஏதாவது ஒரு பட்டாளத்தார் வீட்டுத் திண்ணையில்தான் விழும். ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்த்த வேலை, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஈ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாரம் நிரப்பிக் கொடுப்பதும், அவர்களோடு அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குப் போய் வரிசையில் நிற்பதும். சம்பளம் கிடையாது, டீ உண்டு.

அந்த வரிசையில் நின்று பார்த்ததில் ஒரு விஷயத்தை மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். பணியில் காலை இழந்தவர், முதுகுத்தண்டில் அடிபட்டவர், இடுப்பு மூட்டு நொறுங்கியவர் என்று நம்மிடம் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இருபது முப்பது வருடம் கழித்து அவர்களுக்குப் பெரிய ஆபரேஷன் தேவைப்படும்போது, அன்றைக்குத்தான் முதல்முறையாக ஆஸ்பத்திரிப் படியேறிய ஆள் மாதிரி அவர்களை நடத்துகிறது உங்கள் திட்டம். ராணுவமே மெடிக்கல் போர்டு வைத்து, அளந்து, ஊனம் இத்தனை சதவீதம் என்று போட்டு, முத்திரை குத்தி அனுப்பிய உடம்பு அது. ஓய்வூதியக் கணக்குப் போடுகிறவர்கள் அந்த முத்திரையைப் பார்க்கிறார்கள். ஆபரேஷனுக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் பார்ப்பதில்லை.

குறையை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. 2003 ஏப்ரல் 1ஆம் தேதி ஈ.சி.எச்.எஸ். வருவதற்கு முன்னால் ஓய்வுபெற்ற ஜவானுக்கு என்ன இருந்தது? ராணுவ ஆஸ்பத்திரியில் இடமிருந்தால் ஒரு கட்டில். இல்லாவிட்டால் மாதம் 100 ரூபாய் மருத்துவப்படி. எங்கள் பக்கத்தில் இதய ஆபரேஷனுக்காக நிலத்தை விற்ற சுபேதார்களை எனக்குத் தெரியும். இன்றைக்கு நாடு முழுக்க 400க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள், 30 பிராந்திய மையங்கள், 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகள். ஹவில்தார் வரைக்கும் ஒரே தடவை 30,000 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் ஆயுள் முழுக்கச் சிகிச்சை. போரில் ஊனமானவர்களுக்கும் போர் விதவைகளுக்கும் அந்தச் சந்தாவும் இல்லை. காய்ச்சல், சர்க்கரை, கண்புரை, பைபாஸ் என்று வருகிற பெரும்பாலானவர்களுக்கு இது நல்ல திட்டம். மருந்து ‘நாட் அவெய்லபிள்’ என்று முத்திரை குத்தித் தருகிற நாட்களில் எல்லோரும் திட்டுவார்கள். அது வேறு கதை, அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

பிரச்சினை எங்கே என்பதை ஒரு முட்டியை வைத்துச் சொல்கிறேன். முட்டிக்குச் சொந்தக்காரர் பெயர் போடுவதை விரும்ப மாட்டார். நாயக் என்று அவருடைய ரேங்கிலேயே குறிப்பிடுகிறேன்.

நாயக்குக்குத் தொண்ணூறுகளில் காஷ்மீரில் ரோந்து போகும்போது கண்ணிவெடியில் இடது கால் போனது, முட்டிக்குக் கீழே. போர்டு 50 சதவீதம் போட்டது. பிராட் பேண்டிங் விதியில் 50லிருந்து 75 வரை இருப்பதை 75 என்றே கணக்கிட வேண்டும் என்பதால் இப்போது ஓய்வூதியம் 75க்கு வருகிறது. புனே செயற்கை அவயவ மையத்தில் கால் பொருத்தினார்கள். 1944இலிருந்து இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் இடம் அது. அவர்கள் செய்த காலைக் குறை சொல்ல வாய் வராது. நாயக் அந்தக் காலோடு நிலத்தில் வேலை பார்த்தார், டிவிஎஸ் ஓட்டினார், இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்.

செயற்கைக் கால் போட்டவரைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று புரியும். படியேறும்போது நல்ல கால்தான் முதலில் போய் முழு உடம்பையும் மேலே தூக்கும். இறங்கும்போது செயற்கைக் கால் முதலில் கீழே போகும். அது தரையைத் தொடும்வரை உடம்பை மெல்ல இறக்கித் தருவதும் மேல்படியில் மடங்கி நிற்கிற அதே நல்ல கால்தான். ஏறினாலும் அதற்குத்தான் வேலை, இறங்கினாலும் அதற்குத்தான். பந்தியில் தரையில் உட்கார்ந்து எழுந்தாலும் அது. ராத்திரி செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியபிறகு, நடுச்சாமத்தில் பாத்ரூமுக்கு ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போவதும் அதுவே. முப்பது வருடம் இப்படி இரண்டு கால் வேலையை ஒரு கால் பார்த்தால் அந்த முட்டி மற்றவர்களுக்கு முந்தியே தேயும். எலும்பு மருத்துவத்தில் இது புதுச் செய்தியும் கிடையாது. ஒரு கால் இழந்தவர்களுக்கு மறுகால் முட்டித் தேய்மானமும் இடுப்புவலியும் அதிகம் என்று பாடப்புத்தகத்திலேயே உண்டு.

வலது முட்டி தேய்ந்து பாலிகிளினிக்குக்குப் போன நாயக்கின் ரெஃபரல் சீட்டில், அதாவது மேல் சிகிச்சைக்கு அனுப்புகிற சீட்டில், என்ன எழுதியிருந்தது தெரியுமா? வலது முட்டித் தேய்மானம், வயது சார்ந்தது. அவ்வளவுதான். இடது கால் இல்லை என்று அந்தச் சீட்டில் ஒரு எழுத்துகூட இல்லை.

எழுதிய டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவர், வாசலில் கூட்டம் நிற்கிறது, நாயக் பேன்ட் போட்டுக்கொண்டு தடி இல்லாமல் உள்ளே போயிருக்கிறார். ஆனால் அந்த ஒரு வரி பின்னால் என்னென்ன செய்தது என்று பாருங்கள்.

முதலில் எலும்பு நிபுணரின் கருத்து வேண்டும். பாலிகிளினிக்கில் அந்த நாற்காலி காலி என்பதால் பேனலில், அதாவது திட்டம் அங்கீகரித்த பட்டியலில், உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த நிபுணர் முட்டி மாற்ற வேண்டும் என்று எழுத, அதைக் கொண்டுவந்து காட்டி ஆபரேஷனுக்குத் தனி ரெஃபரல் வாங்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால், இந்த மாதம் ஈ.சி.எச்.எஸ். கேஸ் எடுப்பதில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். வேறொரு ஆஸ்பத்திரியில் சரி என்று எடுத்து ரத்தம், இசிஜி, எக்கோ எல்லாம் பார்த்து மயக்க மருந்து டாக்டர் தகுதியும் கொடுத்துவிட்டார். அப்போதுதான் சர்ஜன் நாயக்கின் நடையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இவருக்கு மறுகால் கிடையாது, இந்த முட்டிதான் எல்லாப் பாரத்தையும் தாங்கப் போகிறது, அதனால் சாதாரண இம்ப்ளான்ட் சரிவராது, தண்டு வைத்த உறுதியான வகை வைத்தால்தான் நிற்கும். சரியான முடிவு. ஆனால் ஒரு ஆபரேஷனுக்கு இவ்வளவுதான் என்று திட்டம் வைத்திருக்கிற பேக்கேஜைத் தாண்டி எஸ்டிமேட் எகிறியது. வழக்கமான பட்டியலைத் தாண்டினால் முன் அனுமதி வேண்டும். தொகை கூடக்கூடக் கோப்பும் படியேறும்: பாலிகிளினிக், பிராந்திய மையம், டெல்லி தலைமையகம், அதற்கும் மேலே போனால் அமைச்சகம். கோப்பு ஏறி இறங்குவதற்குள் ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் காலாவதியாகி, எல்லாவற்றையும் மறுபடி எடுத்தார்கள்.

2017 ஆகஸ்டில் முட்டி இம்ப்ளான்ட்களுக்கு விலை உச்சவரம்பு வைத்தது இதே மத்திய அரசுதான். அதிகம் பயன்படுகிற கோபால்ட் குரோமிய வகைக்கு 54,720 ரூபாய் என்றும், ஒருமுறை வைத்ததை எடுத்துவிட்டு மறுபடி வைக்கிற வகைக்கு 1,13,950 ரூபாய் என்றும் நிர்ணயித்தார்கள். விலைக்குக் கடிவாளம் போட்டாயிற்று. அப்புறம் அந்த வரம்புக்குள் எந்த வகை வேண்டும் என்று சர்ஜன் எழுதிக் கொடுத்தால், பணியில் கால் இழந்தவர் விஷயத்திலாவது அப்படியே ஏற்றுக்கொள்வதில் என்ன சிரமம்?

இன்னொரு விஷயம், உங்கள் இருவர் அலுவலகத்துக்கும் இது எட்டியிருக்குமா என்று தெரியவில்லை. இரண்டு காலும் உள்ளவருக்கு வலது முட்டி மாற்றினால் மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு இடது காலில் பாரம் போட்டு நிற்பார். நாயக்குக்கு இடது கால் என்பது ஒரு சாக்கெட், மிச்சமிருக்கிற காலை நுழைத்துக்கொள்கிற செயற்கைக் காலின் கிண்ணம். ஆபரேஷன் ஆன கால் குணமாகிற வரைக்கும் அந்தச் செயற்கைக் கால்தான் அவருடைய ‘நல்ல’ கால். ஆகவே அந்த சாக்கெட் ஸ்டம்ப்பில், அதாவது வெட்டுப்பட்ட காலின் மிச்சத்தில், கச்சிதமாக உட்கார்ந்திருக்க வேண்டும். வயதாக ஆகச் சதை சுருங்கும், சாக்கெட் தளரும். நாயக் உள்ளே மூன்று காட்டன் சாக்ஸ் போட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்; ஸ்டம்ப் நுனியில் காய்த்துப் போய் ஓரம் சிவந்திருந்தது. அந்தத் தோல் உடைந்து புண்ணாகிவிட்டால் நிற்பதற்கு ஒரு கால்கூட மிஞ்சாது. ஆகவே முதலில் சாக்கெட், அதற்குப் பிறகு ஆபரேஷன். நர்சிங் படித்த யாரும் இந்த வரிசையைத்தான் சொல்வார்கள்.

ஆனால் சாக்கெட் ஒரு கதவு, ஆபரேஷன் இன்னொரு கதவு. புனே மையம் படைகளின் மருத்துவ சேவையின் கீழ் வருகிறது, ஈ.சி.எச்.எஸ். உங்கள் துறையின் கீழ். ஒருவர் தேதி இன்னொருவருக்குத் தெரியாது. அரக்கோணம் போய் மும்பை ரயிலைப் பிடித்து, தேய்ந்த முட்டியோடு, கூட ஒரு ஆளையும் அழைத்துக்கொண்டு, முதலில் புனே போய் வாருங்கள், பிறகு ஆபரேஷன் தேதி வாங்குங்கள் என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எந்தச் சீட்டிலும் எந்தச் சுற்றறிக்கையிலும் அது இல்லை. சென்னை ராணுவ ஆஸ்பத்திரிக்கோ வெலிங்டனுக்கோ புனேயிலிருந்து ஒரு குழு வருடத்தில் சில தடவை வந்து, ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் சாக்கெட்டை முதலில் பார்த்துக் கொடுத்தால் இந்த அலைச்சலில் பாதி மிச்சமாகும்.

அப்புறம் பேக்கேஜ் நாட்கள். நீங்கள் பின்பற்றுகிற சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர்களின் மருத்துவத் திட்டம்) கணக்கில் சாதாரணப் பெரிய அறுவைக்கு 7 நாள், சூப்பர் ஸ்பெஷாலிட்டி என்றால் 12 நாள் படுக்கை. அந்த நாட்களுக்குள் ஒரு கால் இல்லாதவர் தன்னந்தனியாக எழுந்து நிற்கப் பழக முடியாது. ஆஸ்பத்திரி என்ன செய்யும்? பேக்கேஜ் முடிந்ததும் டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்தால் மேற்கத்திய கழிவறை இல்லை, பிடித்து எழுப்ப அறுபது வயது மனைவி மட்டும். பிசியோதெரபிக்கு மறுபடி பாலிகிளினிக், மறுபடி ரெஃபரல். நாயக்கின் மனைவி முதல் வாரத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் ஈ.சி.எச்.எஸ். கார்டு இருக்கிறது, அவருக்கும் ஒரு சீட்டு வாங்கினேன். அதில் வயது சார்ந்தது என்று எழுதியதை நான் ஆட்சேபிக்கவில்லை.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கொள்கையைத் தெளிவாகச் சொன்னது. படையில் சேரும்போது ஒருவரிடம் ஒரு நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால், பிறகு வந்த நோய் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுடையது, ஜவானுடையது கிடையாது. ஊன ஓய்வூதியத்துக்கு இந்தக் கொள்கை பொருந்தும்போது ஊனம் இழுத்துவருகிற ஆபரேஷனுக்கு ஏன் பொருந்தக்கூடாது? நாயக் சேரும்போது ஷேப் ஒன், அதாவது முழு உடல்தகுதி. இடது கால் போனது பணியால்தான் என்று உங்கள் போர்டே எழுதிவிட்டது. முப்பது வருடம் கழித்து வலது முட்டி தேய்ந்தால் அதுவும் அந்தக் கண்ணிவெடியின் கணக்கில்தான் வரும் என்று தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று சொல்ல விரும்புகிற அதிகாரி காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். இப்போது அது தலைகீழாக நடக்கிறது: தன் கால் போன கதையை நாயக்தான் ஒவ்வொரு மேஜையிலும் பேன்ட்டைத் தூக்கிக் காட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால் மற்றவை தானாக வரும். போர்டு அறிக்கையில் உள்ள ஊனமும் சதவீதமும் ஈ.சி.எச்.எஸ். பதிவில் நிரந்தரமாக ஏறட்டும். அந்த ஊனத்தோடு தொடர்புள்ள பெரிய அறுவை என்று நிபுணர் எழுதினால், ஆலோசனையிலிருந்து ஆபரேஷன், இம்ப்ளான்ட், சாக்கெட், பிசியோதெரபி வரைக்கும் ஒரே ஒப்புதல் போதும். கோப்பு பிராந்திய மையத்தோடு நிற்கட்டும். அதற்கு மேல் அனுப்ப வேண்டாம். குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளட்டும். பேக்கேஜ் நாள் இவர்களுக்கு ஓடக்கூடாது. துணைக்கு வருகிறவரின் ரயில் கட்டணமும் தங்குவதும் கணக்கில் சேரட்டும். இது எத்தனை பேருக்கு? மொத்தப் பயனாளிகளில் சிறு பகுதிதான். முத்திரை குத்தியது நீங்கள் என்பதால் ஆட்கள் யார் என்பது உங்கள் கையிலேயே இருக்கிறது. கஜானா காலியாகிவிடாது.

‘இந்த மாதம் எடுப்பதில்லை’ என்று சொன்ன ஆஸ்பத்திரியையும் ஒரேயடியாகத் திட்ட மாட்டேன். 2015இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே (சி.ஏ.ஜி.) ஈ.சி.எச்.எஸ். பற்றித் தனி அறிக்கை கொடுத்தார்; பில் தாமதமும் மருந்துத் தட்டுப்பாடும் அதில் வந்தன. சி.ஜி.எச்.எஸ். ரேட்டுகளில் பல 2014இல் போட்டபடியே பத்து வருடத்துக்கு மேல் கிடந்தன. 2025 அக்டோபரில்தான் ஏறக்குறைய 2,000 சிகிச்சைகளுக்குப் புது ரேட் வந்தது. அதை ஒட்டி ஈ.சி.எச்.எஸ்.ஸும் மாறியது. நல்லது. ஆனால் புது ரேட்டின் அமைப்பைப் பாருங்கள். பெருநகரத்தை அடிப்படையாக வைத்து, இரண்டாம் நிலை நகரத்துக்கு 10 சதவீதம் குறைவு, மூன்றாம் நிலைக்கு 20 சதவீதம் குறைவு. என்.ஏ.பி.எச். தரச்சான்று இல்லாத ஆஸ்பத்திரிக்கு 15 சதவீதம் குறைவு. பொது வார்டுக்கு இன்னும் 5 சதவீதம். ஹவில்தார் வரைக்கும் உரிமை பொது வார்டு. ஆக, சின்ன ஊரில், சின்ன ரேங்கில் இருக்கிறவருக்கு ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் எல்லாவற்றையும்விடக் குறைவான பணம். கண்ணிவெடியில் கால் வைப்பவர்கள் பெரும்பாலும் எந்த ரேங்க் என்று உங்களுக்கே தெரியும். மேனேஜர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் ‘பெட் இல்லை’ என்கிறார். ஊனமுற்றோர் அறுவைகளுக்கு மட்டுமாவது நகரம், வார்டு என்ற கழிவுகளை எடுத்துவிட்டு, அந்த பில்களை வரிசையில் முதலில் வைத்துப் பட்டுவாடா செய்யுங்கள். அப்புறம் ‘பெட் இல்லை’ என்ற பதில் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கலாம்.

அவசரத்தில் பேனலில் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பற்றி ஒரு வார்த்தை. 2018 ஏப்ரலில் சிவகாந்த் ஜா வழக்கில், ஆஸ்பத்திரியின் பெயர் பேனலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் மறுக்க முடியாது, சிகிச்சை உண்மையிலேயே எடுக்கப்பட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சி.ஜி.எச்.எஸ். வழக்கு என்றாலும் நியாயம் ஒன்றுதான். அதைச் சுற்றறிக்கையாக்கி எல்லா மையத்துக்கும் அனுப்பினால் பலர் கோர்ட்டுப் படி ஏறாமல் இருப்பார்கள்.

முட்டியைப் பற்றியே பேசிவிட்டேன், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. முதுகுத்தண்டு போனவர்களின் நிலை இன்னும் மோசம். நான் சேர்ந்த புதிதில், இலங்கையிலிருந்து காயம்பட்டு வந்தவர்கள் இருந்த வார்டில் வேலை பார்த்தேன். 1987 முதல் 1990 வரை நடந்த அந்த அமைதிப்படைப் பணியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது எல்லோருக்கும் தெரியும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் திரும்பியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல். படுக்கைப் புண் எலும்புவரை போனால் தொடையிலிருந்து சதையெடுத்து மூடும் ஆபரேஷன். சிறுநீர்ப்பையில் கல். சிறுநீரகத்தில் கிருமி. ஒன்று முடிந்தால் அடுத்தது, இது ஆயுசுக்கும் தொடரும் வரிசை. கட்கியிலும் மொஹாலியிலும் இவர்களுக்கென்று மறுவாழ்வு மையங்கள் உண்டு. ஆனால் குடும்பத்தோடு ஊரில் இருக்க நினைப்பவருக்குப் பக்கத்தில் எதுவும் கிடையாது. சதை மூடிய பிறகு வாரக்கணக்கில் குப்புறப் படுத்திருக்க வேண்டிய ஆளை, பேக்கேஜ் முடிந்தது என்று ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினால், தையல் பிரிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது ஆபரேஷனுக்கும் செலவு உங்களுடையதுதான். மிச்சம் பிடித்ததாக இதைச் சொல்ல முடியுமா?

கடைசியாக, இன்னும் ஈ.சி.எச்.எஸ். கார்டே இல்லாதவர்கள்.

2025 ஆகஸ்டில் ஒரு நல்லது நடந்தது. அதிகாரிப் பயிற்சியில் காயமடைந்து வெளியே அனுப்பப்பட்ட கேடட்கள் வருடக்கணக்காகக் கைக்காசு போட்டு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த விஷயத்தை உச்ச நீதிமன்றம் தானாகக் கையிலெடுத்தது. உடனே உங்கள் அமைச்சகம் அவர்களுக்கும் ஈ.சி.எச்.எஸ். வசதியைத் திறந்துவிட்டது. நினைத்தால் ஒரு மாதத்தில் கதவு திறக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

அதே கதவை அக்னிவீரர்களுக்கும் திறக்க வேண்டும். 2022 ஜூனில் நான்கு வருடம் மட்டும் படையில் எடுக்கிற அக்னிபத் திட்டத்தை அறிவித்தபோது போட்ட நிபந்தனையில், நான்கு வருடம் முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, ஈ.சி.எச்.எஸ்.ஸும் இல்லை என்று எழுதியிருக்கிறது. நான்கு வருடம் நல்லபடியாக முடித்து இருபத்திரண்டு வயதில் வருகிற பையன் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். அதைப் பற்றி இங்கே வாதாட வரவில்லை. ஊனமாகி வருகிறவனைப் பற்றித்தான் கேட்கிறேன். பணியால் 100 சதவீத ஊனம் என்றால் கருணைத்தொகை 44 லட்சம், 75 சதவீதத்துக்கு 25 லட்சம், 50 சதவீதத்துக்கு 15 லட்சம். மீதிக் காலச் சம்பளமும், பணி முடிவில் தருகிற சேவா நிதியும் சேரும். கேட்க நல்ல தொகைதான். ஆனால் 44 லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய 25,000 ரூபாய். அதில் அவன் சாப்பிட வேண்டும், பார்த்துக்கொள்கிற ஆளுக்குச் சம்பளம் தர வேண்டும், படுக்கைப் புண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆயுசு முழுக்க ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். இருபத்தோரு வயதில் இடுப்பு மூட்டு மாற்றினால் அது ஆயுளுக்கும் தாங்காது. நாற்பதை ஒட்டி ஒரு தடவை மாற்ற வேண்டும், அறுபதை ஒட்டி இன்னொரு தடவை. 50 சதவீதக்காரனின் 15 லட்சம் முதல் ஆபரேஷனுக்கும் வீட்டுக் கடனுக்குமே சரியாகிவிடும். நாயக்குக்குச் சீட்டு தாமதமானது. இந்தப் பையன் சீட்டு கேட்டு நிற்க ஒரு கவுன்டர்கூட இல்லை.

2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் தொகுதிக்கு நான்கு வருடக் கணக்கு 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகிறது. பணியால் ஊனம் என்று போர்டு எழுதிய எந்த அக்னிவீரருக்கும், சதவீதம் எதுவானாலும், சந்தா இல்லாமல் ஆயுட்கால ஈ.சி.எச்.எஸ். கார்டு என்று ஓர் உத்தரவு போதும். கேடட்கள் விஷயத்தில் நீதிமன்றம் கேட்ட பிறகு போட்டீர்கள்; இந்தத் தடவை யாரும் கேட்பதற்கு முன்னால் போடுங்கள்.

எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம். உத்தரவு வந்தால் பாலிகிளினிக் நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்தோடு தமிழிலும் ஒட்டச் சொல்லுங்கள். இங்கே வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். வீட்டுக்காரருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆங்கிலச் சுற்றறிக்கையைப் படித்துச் சொல்ல ஆள் தேடிக்கொண்டு நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார், ஆர்மி மெடிக்கல் கோர்
வேலூர் மாவட்டம்